குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாய்

உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் படியேறியது அதுதான் முதல் தடவை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள்தான் அங்கே வாடிக்கை.

அலுவலகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தையற்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நாத்தனார். அண்ணி துப்பறிவாள், நாத்தனார் பேசுவாள். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அணைக்கிற பொத்தானை வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

சனிக்கிழமை காலை வந்த அந்தப் பெரியவர், நாற்காலியின் முதுகை ஒருமுறை அசைத்துப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்த பிறகே உட்கார்ந்தார். கையிலிருந்த குடையை முழங்காலோடு சேர்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே பளீரென்று வெயில்.

"மழை வராது சார்," என்றாள் ரேடியோ.

"வந்தா?" என்றார் அவர்.

அவர் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். செஸ் கிளப்பில் அவரைச் 'சுவர்' என்று கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. சுவரில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது.

"எதிராளி எதை நகர்த்தினாலும் நான் ஒரே மாதிரிதான் ஆடுவேன். நடுவுல சிப்பாய்ங்களைக் கட்டிடுவேன். பின்னால குதிரைங்க. அப்புறம் ராஜாவை ஓரமாக் கொண்டுபோய்ப் பூட்டிடுவேன். சும்மா கிடைக்கிற காயை வெட்டமாட்டேன். ஏன்னா சும்மா எதுவும் கிடைக்காது."

"கல்யாணமான புதுசுலயும் இப்படித்தானா சார்?" என்று கேட்ட ரேடியோவின் கணுக்காலில் மேஜைக்கடியில் ஓர் உதை விழுந்தது.

"விஷயத்தைச் சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். நூலகத்தின் மாடியில் செஸ் கிளப். அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில் வெள்ளியில் செய்த பழைய செஸ் செட் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று கிளப் தலைவரான கண் டாக்டரிடம், இன்னொன்று நூலகரிடம். வியாழக்கிழமை காலை மியூசியத்திலிருந்து ஒருவர் வந்து செட்டை மதிப்பிடுவதாக ஏற்பாடு. அவர் வந்து நின்றபோது அலமாரி காலி. பூட்டு உடையவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நூலகம் மூடியதற்கப்புறம் யாரோ சாவி போட்டுத் திறந்து, எடுத்துக்கொண்டு, பொறுப்பாகப் பூட்டிவிட்டும் போயிருந்தார்கள்.

"நூலகர் யாரு?"

"என் மருமகள்."

கீழே மெஷின் நின்றது. மேஜையும் நின்றது.

"டாக்டர் அன்னைக்குச் சாயங்காலம் எங்கே இருந்தார்னு நூலகக் கமிட்டி கேட்டுச்சு. என்கூட ஆடிக்கிட்டிருந்தார்னு நான்தான் சொன்னேன். புதன்கிழமை நூலகம் சீக்கிரம் மூடிடும். அதனால அன்னைக்கு மட்டும் நாங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஆடுவோம். இந்தப் புதன்கிழமையும் ஆடினோம். நான் தோத்தேன். நடந்ததைச் சொன்னேன். டாக்டர் தப்பிச்சார். மிச்சம் ஒரு சாவிதான்."

"வீட்டுல?"

"என் பையன் அவகிட்ட கேட்டான், நீ எடுத்தியான்னு. ஒரே ஒரு தடவைதான் கேட்டான். ரெண்டாவது தடவை கேக்கிற வரைக்கும் அவ காத்திருக்கலை. பையை எடுத்துக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. திங்கட்கிழமை கமிட்டி கூடுது. வேலையை விட்டு எடுத்துடுவாங்க. திருட்டுப் பட்டத்தோட அவ எங்க வீட்டுப் படி ஏறமாட்டா. எனக்கு அவளைத் தெரியும்." குடையின் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "நான் பொய் சொல்லலை மேடம். ஆனா நான் சொன்ன உண்மையில ஏதோ தாங்கலை. சில பாலம் அப்படித்தான். அளந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். ஏறி நின்னா ஒரு நடுக்கம் தெரியும்."

அண்ணி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த ஆட்டத்தைச் சொல்லுங்க," என்றாள்.

"உங்களுக்கு செஸ் தெரியுமா?"

"தெரியாது. குதிரை மட்டும் ஏன் கோணலாப் போகுதுன்னு இவகிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. இன்னும் பதில் வரலை."

செஸ் தெரிந்தவள் ரேடியோ. கல்லூரி நாட்களில் ஒரு கோப்பைகூட வாங்கியிருக்கிறாள். எதிராளியின் தலைவலியும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்று அவள் அண்ணன் சொல்வதை நாம் நம்ப வேண்டியதில்லை. அவள் கீழே ஓடி, தையற்காரரிடம் கட்டம் போட்ட துணி ஒன்றும் கை நிறையப் பொத்தான்களும் வாங்கிவந்து மேஜையில் பரப்பினாள். வெள்ளைப் பொத்தான் டாக்டர், கறுப்புப் பொத்தான் சுவர்.

"டாக்டர் வெள்ளையில ஆடினா எப்பவும் ராஜாவுக்கு முன்னால இருக்கிற சிப்பாயைத்தான் தள்ளுவார். எனக்குத் தெரிஞ்சு வேற எதையும் தொட்டதில்லை. நேரா வந்து என் சுவர்ல முட்டுவார், தோப்பார், அடுத்த வாரம் மறுபடியும் வந்து முட்டுவார். இந்தப் புதன்கிழமை முதல் நகர்த்தல் வரவே இல்லை. டீயை ஊத்தி வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறிப்போச்சு. அப்புறம் வந்தது."

ராஜாவின் பக்கத்தில் இருக்கிற குதிரைக்கு முன்னால் நின்ற வெள்ளைப் பொத்தானை எடுத்து, இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

ரேடியோ விசிலடித்தாள். "அண்ணி, இதை யாரும் ஆடமாட்டாங்க. சொல்லிக்கொடுக்கிறவங்க பார்த்தா காதைத் திருகிடுவாங்க. ஊரே நடுக்கட்டத்துக்கு அடிச்சுக்கும்போது, தன் வீட்டு வாசக்கதவைத் தானே கழட்டிக் கொண்டுபோய் நடுரோட்டுல வைக்கிற மாதிரி."

"நான் வழக்கம்போல நடுவுல ஒரு சிப்பாயை ரெண்டு கட்டம் வெச்சேன். அதனால என் மந்திரிக்கு, அதான் பிஷப்புக்கு, வழி திறந்துச்சு. டாக்டரோட இந்தச் சிப்பாய் என் மந்திரியோட வெட்டுல மாட்டிக்கிச்சு. டாக்டர் அதைக் காப்பாத்தலை. சிப்பாய் காலி பண்ணின இடத்துல தன் மந்திரியைக் கொண்டுவந்து உக்கார வெச்சார். சிப்பாய் சும்மா நின்னுது." அவர் குரல் இறங்கியது. "வெட்டிட்டேன்."

போலீசில் வாக்குமூலம் கொடுப்பவர் கூட அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டார்.

"அந்தக் கோடியிலிருந்து இன்னொரு சிப்பாயை நீட்டினார். அதையும் வெட்டினேன். ஆசை ஒருதடவை உள்ளே வந்துட்டா அப்படித்தான். அவர் மந்திரிக்கு மூலையிலிருந்து மூலைக்கு ரோடு திறந்துடுச்சு. என் யானை போச்சு. அதுக்கப்புறம் அவர் நகர்த்தினதெல்லாம் சட்டுச்சட்டுனு வந்தது. எனக்குத்தான் மூச்சு வாங்கிச்சு."

"மேதை அண்ணி," என்றாள் ரேடியோ, பொத்தான்களையே பார்த்துக்கொண்டு. "வருஷக்கணக்கா அடக்கி வெச்சிருந்து ஒருநாள் எடுத்து வீசியிருக்கார்."

"கிளப்லயும் அதைத்தான் சொல்றாங்க. அந்த ஓப்பனிங்குக்கு, அதாவது ஆட்டத்தை ஆரம்பிச்ச விதத்துக்கு, டாக்டர் பேரையே வெச்சாச்சு. மூணு நாளா அவரும் நிக்கவெச்சு நிக்கவெச்சு எல்லாருக்கும் விளக்கிக்கிட்டிருக்கார். தியானம் பண்ணும்போது தோணுச்சாம்."

"இந்த மூணு நாள்ல அதை வேற யார்கூடயாவது ஆடினாரா?" என்றாள் அண்ணி.

"இல்லை. நேத்து கிளப்ல பழையபடி ராஜாவோட சிப்பாயைத்தான் தள்ளினார். பெரிய ஆயுதத்தை அடிக்கடி வெளியே எடுக்கக் கூடாதுன்னார்."

அண்ணி சிரித்தாள். அது அவளுடைய நல்ல சிரிப்பு இல்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும். வீட்டில் அண்ணன் "நான் எதுவும் வாங்கலையே" என்று சொல்லும்போது வருகிற சிரிப்பு அது.

"சார், சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போய், நேருக்கு நேரா மறு ஆட்டம் வேணும்னு கேளுங்க. அதே ஓப்பனிங்ல. நாங்களும் வர்றோம். ஒண்ணே ஒண்ணு, சும்மா கிடைக்கிறதை வெட்டாதீங்க."

"அது என் இயல்பு மேடம்."

"அதைத்தான் கேக்கறேன்."

அவர் இறங்கிப் போனதும் ரேடியோ திரும்பினாள். "அண்ணி, ஒருத்தர் புத்திசாலித்தனமா ஆடினது ஒரு குத்தமா?"

"உங்க அண்ணன் இத்தனை வருஷத்துல காலையில எழுந்து காபி போட்டதுண்டா?"

"பால் பாக்கெட் எந்தப் பக்கம் வெட்டணும்னே அவனுக்குத் தெரியாதே."

"நாளைக்குக் காலையில நான் எழுந்து வரும்போது மேஜையில நுரை பொங்க, சரியான சர்க்கரையோட காபி இருக்கு. நான் என்ன நினைப்பேன்? ஆஹா, என் புருஷன் மேதைன்னா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"யார் போட்டதுன்னு கேப்பீங்க," என்றாள் மெல்ல.

"சாயங்காலம் பையை எடு, கிளம்பலாம்."

கண் டாக்டரின் வீடு, கீழே ஆஸ்பத்திரியும் மேலே குடித்தனமுமாக இருந்தது. கூடத்தில் கோப்பைகள் வைத்த ஒரு கண்ணாடி அலமாரி. பெரும்பாலானவை இரண்டாம் பரிசுகள். பரிசு எத்தனையாவது என்று பொறித்த பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டாக்டர் நல்ல உயரம், நல்ல குரல், வருத்தத்தையும் நன்றாகவே தயார் செய்து வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்கு மகள் மாதிரிங்க. கமிட்டிகிட்ட நானே சொன்னேன், கொஞ்சம் பாத்து நடந்துக்குங்கன்னு. நான் அன்னைக்கு வீட்டை விட்டு அசையலை. இதோ, சுவர் சாரே சாட்சி..."

"அதெல்லாம் யார் கேட்டா டாக்டர்?" என்றாள் அண்ணி. "நாங்க உங்க ஓப்பனிங்கைப் பார்க்க வந்தோம்."

ரேடியோ அண்ணியைக் கவலையோடு பார்த்தாள். எங்கே இருந்தீர்கள், சாவி எங்கே இருந்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. இவள் ஒன்றையும் தொடாமல், கல்யாண வீட்டில் சமையலைப் புகழ்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே.

டாக்டரின் முகம் மலர்ந்தது. மறு ஆட்டம் என்றதும் மலர்ந்தது கொஞ்சம் சுருங்கியது.

"அந்த ஓப்பனிங் ஒரு மருந்து மாதிரி. அளவாத்தான் எடுக்கணும்."

"ஒரே ஒரு சொட்டு டாக்டர்," என்றாள் ரேடியோ. "கண்ணுக்கு விடற மாதிரி."

சுவர் பலகையை எடுத்துப் போட்டு, டாக்டருக்கு முன்னால் வெள்ளைக் காய்களை அடுக்க ஆரம்பித்தார். பேர் வைத்த ஓப்பனிங்கை ஆடமாட்டேன் என்று எந்த மனிதர்தான் சொல்ல முடியும்?

உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி காபித் தட்டோடு வந்தாள். மூக்குக்கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது. பலகையைப் பார்த்ததும் ஒரு கை கண்ணாடியைத் தேடியதை ரேடியோ கவனித்தாள்.

"பாவம்மா," என்றாள் அண்ணி, அவளைப் பார்த்து. "சுவர் சார் மனசு விட்டு ஆடுற நிலைமையிலயா இருக்கார்? மருமகள் பையை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டே போயிடுச்சு."

"யாரு? நூலகத்துல இருக்கே, அந்தப் பொண்ணா?" தட்டில் ஒரு டம்ளர் சத்தம் போட்டது. "எதுக்கு?"

"கிளப் விஷயம்," என்றார் டாக்டர். "நீ உள்ள போ."

"வெள்ளி செட் காணாமப் போச்சு இல்லையா, அவதான் எடுத்தான்னு திங்கட்கிழமை முடிவு பண்ணப் போறாங்க," என்றாள் ரேடியோ. அணைக்கும் பொத்தான் இல்லாததில் சில நன்மைகளும் உண்டு.

டாக்டரின் மனைவி கணவனைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. டம்ளர்களைக் கொடுத்துவிட்டு, வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

டாக்டர் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சுவர் நடுவில் தன் சிப்பாயை வைத்தார். டாக்டர் மந்திரியைக் கொண்டுவந்து காலி இடத்தில் உட்கார வைத்து, கையை ஒரு வித்தைக்காரரைப் போல விலக்கிக்கொண்டு, வெட்டட்டும் என்று காத்திருந்தார்.

சுவர் அந்தச் சிப்பாயைப் பார்த்தார். தன் குடையைப் பார்த்தார். பிறகு, நடுச் சிப்பாய்க்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி இன்னொரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தார். மூலையிலிருந்து மூலைக்குப் போகும் ரோட்டில் சுவர் எழும்பிவிட்டது.

"வெட்டலையா?" என்றார் டாக்டர்.

"இன்னைக்கு வேண்டாம்."

டாக்டர் பலகையின் மேல் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். தன் சிப்பாய் வெட்டில் நிற்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. கடைசியில், மந்திரி முதலில் இருந்த இடத்துக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து, ஒரு கட்டம் தள்ளி, அதற்குக் காவலாக வைத்தார்.

"அது இல்லை."

சத்தமாகச் சொன்ன வார்த்தை இல்லை. கூடத்தில் இருந்த நான்கு தலைகளும் திரும்பின.

"உனக்கென்ன தெரியும்? உள்ள போன்னு சொன்னேன் இல்ல?"

டாக்டரின் மனைவி தட்டைக் கோப்பை அலமாரியின் மேல் வைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இப்பத்தான் மந்திரியைக் கொண்டுவந்து ஜன்னல்ல உக்கார வெச்சீங்க. அவருக்கு முன்னாலயே திரையை இழுத்து மூடினா அவர் எதைப் பார்ப்பார்? யானைக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்க. காவலும் ஆச்சு, வழியும் மறையாது." அவள் சுவரைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க வெட்டாம இருந்திருந்தா அதைத்தான் ஆடலாம்னு வெச்சிருந்தேன் சார்."

டாக்டர் சிரிக்க முயன்றார். அந்த முயற்சிக்கும் இரண்டாம் பரிசு கொடுக்கலாம்.

அண்ணி காபியை ஒரு வாய் குடித்தாள். "நல்ல காபி. அன்னைக்கு சார் வீட்டுல டீ ஆறிப்போச்சாம். முதல் நகர்த்தலுக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு நேரம்?"

"அடுப்புல பால் இருந்தது," என்றாள் டாக்டரின் மனைவி.

சுவர், நாற்காலியில் சாய்ந்தார். முதலில் அசைத்துப் பார்க்காமலே சாய்ந்தார்.

"அவசர ஆபரேஷன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்," என்று அவள் தொடர்ந்தாள். "ஆட்டத்தைத் தள்ளிவெச்சா சுவர் சாருக்குப் பிடிக்காது, நீ உக்காந்து எதையாவது நகர்த்து, தோத்தா பரவாயில்லைன்னார். எப்பவும் தோக்கறதுதானேன்னு நான் சொல்லலை."

"ஏம்மா அந்தச் சிப்பாய்?" சுவரின் குரலில் திருட்டைப் பற்றிய ஆர்வத்தைவிட இந்த ஆர்வம் கொஞ்சம் கூடவே இருந்தது. "யாரும் அதைத் தொடமாட்டாங்களே."

"புதன்கிழமை ராத்திரி எங்க வீட்டுல சாப்பாட்டுக்குத் தொட்டுக்க நீங்கதான் சார். இப்படி மோதினேன், அப்படி மோதினேன், சுவர் அசையலைன்னு வருஷக்கணக்கா கேட்டாச்சு. நடுவுல முட்டினா எல்லாத்துக்கும் உங்ககிட்ட பதில் தயாரா இருக்கும். யாரும் கேக்காத இடத்துல போய்க் கேட்டா என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு ஒரு ஆசை."

ரேடியோ மெதுவாக அண்ணியின் பக்கம் திரும்பினாள். எங்கே இருந்தீர்கள் என்று கேட்காத அண்ணி, காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியம் மாதிரி பேசறா," என்றார் டாக்டர். "சரி, அவதான் ஆடினா. நான் ஆபரேஷன்ல இருந்தேன். அதுக்கும் செட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லை," என்றாள் மனைவி. "நீங்க திரும்பி வந்து பீரோ மேல ஒரு பையை ஏத்தி வெச்சீங்க இல்ல? நான் என்னன்னு கேக்கலை. கேட்டா நீங்க ஒரு பொய் யோசிக்கணுமேன்னு விட்டுட்டேன். அது இருக்கட்டும்னுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு தலையில விடியும்னு நீங்க சொல்லலையே."

அவள் உள்ளே போனாள். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் எழுந்திருக்கப் போனார். சுவரின் குடை, எப்படியோ, அவருடைய வழியில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

பை வந்தது. உள்ளே பெட்டி, பெட்டிக்குள் வெள்ளி வரிசை.

சுவர் ராஜாவை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது அது இல்லை."

"என்ன சார்?" என்றாள் ரேடியோ.

"வருஷா வருஷம் இறுதி ஆட்டத்துல இதைத் தூக்கியிருக்கேன். கைக்கு எடை தெரியும். இது வெள்ளி இல்லை, பூச்சு." நகத்தால் ராஜாவின் அடியைச் சுரண்டிக் காட்டினார். மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. "போன ஆட்டம் முடிஞ்சதும் மெருகு போடணும்னு நீங்கதானே டாக்டர் எடுத்துட்டுப் போனீங்க?"

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப புதன்கிழமை டாக்டர் வெள்ளி செட்டைத் திருடலை. அது எப்பவோ போயாச்சு. மறுநாள் மியூசியத்து ஆள் வந்து கையில எடுத்தா போலின்னு தெரிஞ்சுடும். அதனால போலியைத் திருடினார். பொருள் காணாமப் போச்சுன்னா, சாவி வெச்சிருக்கிறவங்க பாடு. அவருக்குத்தான் சாட்சி இருக்கே, பொய்யே சொல்லத் தெரியாத சாட்சி."

டாக்டர் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் ஒன்று கடனில் வாங்கினதைப் பற்றியும், மெதுவாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்ததைப் பற்றியும் ஏதோ சொன்னார். நல்ல குரல் எங்கேயோ போயிருந்தது.

"ஒரு விஷயம் டாக்டர்," என்றாள் அண்ணி. "அன்னைக்கு உங்க வீட்டம்மா தோத்திருந்தாங்கன்னா யாருக்கும் எதுவும் தோணியிருக்காது. ஜெயிச்ச பிறகாவது, ஏதோ கை தவறி அப்படி ஆடிட்டேன்னு நீங்க சும்மா இருந்திருக்கலாம். நீங்க அதுக்குப் பேர் வெச்சுக்கிட்டீங்க."

"பேரா?" என்றாள் டாக்டரின் மனைவி. "என்ன பேரு?"

மனைவி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரா?"

டாக்டர் பலகையைப் பார்த்தார்.

"செட்டைப் பத்தித் திங்கட்கிழமை கமிட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நானும் வர்றேன், நீங்க ஏதாவது விட்டுட்டா எடுத்துக்கொடுக்க." அவள் குரல் உயரவில்லை. "ஆனா அந்த ஆட்டம் என்னோடது. அதை இப்பவே குடுத்துடுங்க."

ஒரு நிமிஷம் அந்த மனிதர் திணறினார். வெள்ளி செட்டை ஒப்புக்கொண்டபோதுகூட இவ்வளவு திணறவில்லை.

"அவதான் ஆடினா," என்றார் கடைசியில், சுவரிடம். "அது அவளோட ஓப்பனிங்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் சுவர். "நீங்க ஆடினதைப் பார்த்ததுமே."

படியிறங்கும்போது வாசல்வரை வந்த டாக்டரின் மனைவியிடம் ரேடியோ கேட்டே விட்டாள். "உண்மையிலேயே வாய் தவறிடுச்சாம்மா?"

"வாயெல்லாம் தவறலை. ரெண்டு தடவை உள்ள போன்னார். போயிருந்தா, உள்ளேயிருந்தே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்." அவள் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டாள். பிறகு சுவரிடம், "புதன்கிழமை உங்களுக்கு வேற வேலை இல்லையே சார்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா."

"எனக்குக் கறுப்பு. நீங்க முதல்ல நகர்த்துங்க, பார்ப்போம்."

அதைக் கேட்டு அவர் கொஞ்சம் பயந்த மாதிரிதான் தெரிந்தது.

தெருமுனையில் நின்று அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாருக்கும் முதலில் போன் செய்கிற ஆள் இல்லை அவர். மணி அடித்தால் எடுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், வைத்துவிடுவார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் எடுக்கிறவரைக்கும் மூச்சுப் பிடித்து நின்றார்.

"நான்தான்மா... இல்லை, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. செட்டை யார் எடுத்ததுன்னு தெரிஞ்சுடுச்சு. அதைச் சொல்லக் கூப்பிடலை." நிறுத்தினார். "கமிட்டியில நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனா 'எனக்கு அவளைத் தெரியும், அவ எடுக்கமாட்டா'ன்னு நான் சொல்லலை. அதுவும் உண்மைதானே? அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்... நாளைக்குக் காலையில நான் வர்றேன். அவனைக் கூட்டிட்டு வரணுமா வேண்டாமான்னு நீ சொல்லு. நீ சொல்றபடி."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, அவனை வெளியிலேயே நிக்க வைக்கிறேன்," என்றார்.

ரேடியோ அண்ணியின் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தாள்.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அண்ணி.

பதில் சொல்லத் திரும்பிய ரேடியோவின் கண்ணில்தான் அது பட்டது. பெரியவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கை வீசி நடந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தது.

"சார்," என்று கூப்பிட்டாள். "குடையை மேலேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

அவர் நின்று, தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. மழை வராது."

"வந்தா?"

"நனையலாம்," என்றார் சுவர்.